கொதிகலனின் கதை – 14: கிரெனோபிளின் கணக்குப்பிள்ளை

எரியும் வடிகலத்தைக் கையில் தூக்கிக்கொண்டு லண்டன் தெருவுக்கு ஓடிய சார்லஸ் மான்ஸ்ஃபீல்டோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டவர். பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பப் பென்சீன் காய்ச்சியபோது கலம் பொங்கித் தீப்பிடித்தது. தீக்காயங்களோடு சில நாட்கள் கிடந்து, 1855 பிப்ரவரியில், 35 வயதில் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டே பதினெட்டு வயது பெர்க்கின் அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அனிலினுக்குப் பென்சீன் வேண்டும். ஐரோப்பாவெங்கும் தார் காய்ச்சும் ஆலைகள் முளைத்தன. காய்ச்சியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கண்ணால் கண்டார்கள். காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

பென்சீன் 80 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதனோடு சேர்ந்தே வரும் டொலுவீன் 110 டிகிரிக்குச் சற்று மேலே. இரண்டையும் கலந்து அடுப்பில் வைத்தால் 80-ல் பென்சீன் முழுவதும் போய்விட்டு, பிறகு வெப்பமானி 110-க்குத் தாவ வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடப்பதில்லை. கலவை நடுவில் எங்கோ கொதிக்கத் தொடங்குகிறது. கொதிக்கக் கொதிக்க வெப்பநிலை மெல்ல மேலே ஊர்கிறது. வெளியே வரும் ஆவியில் இரண்டுமே இருக்கின்றன, ஆனால் கலத்தில் இருந்த விகிதத்தில் இல்லை.

நடுவில் எங்கே? எந்த விகிதத்தில்?

*

ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போது அது கொதிக்கிறது. ஆகவே கலவையின் கொதிநிலையைச் சொல்ல, கலவையின் ஆவியழுத்தத்தைச் சொல்லத் தெரிந்தால் போதும். இது டால்டன் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

வாயுக்களுக்கு டால்டன் சொன்னது எளிய கூட்டல். ஒவ்வொரு வாயுவும் தனித்திருந்தால் தரும் அழுத்தங்களைக் கூட்டினால் மொத்த அழுத்தம் வந்துவிடும். திரவங்களுக்கும் இது பொருந்துமா என்று 1850-களில் பெர்லினில் மாக்னுஸும் பாரிஸில் ரெனோவும் சோதித்தார்கள். தண்ணீரும் எண்ணெயும்போல ஒன்றில் ஒன்று கரையாத திரவங்களுக்குப் பொருந்தியது. நன்றாகக் கலந்துவிடும் திரவங்களுக்குப் பொருந்தவில்லை. கூட்டுத்தொகையைவிட அழுத்தம் குறைவாகவே வந்தது.

எவ்வளவு குறைவு என்பதற்கு விதி கிடைக்கவில்லை. ரெனோ அளவீட்டில் அந்த நூற்றாண்டின் பெரிய கை. நீராவி அழுத்தத்துக்கு அவர் போட்ட அட்டவணைகளை வைத்துத்தான் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் எஞ்சின் கட்டினார்கள். அவருக்கே இது பிடிபடவில்லை.

பிடிபடாததற்குக் காரணம் கருவியில் இல்லை, கணக்கில் இருந்தது என்பது என் கருத்து. எல்லோரும் கலவைகளை எடையால் அளந்தார்கள். நூறு கிராமில் இத்தனை கிராம் என்று எழுதினார்கள். ஆவியாகிப் போவது கிராம் இல்லை, மூலக்கூறு. மூலக்கூறுகளை எண்ண வேண்டுமானால் ஒரு மூலக்கூறின் எடை என்ன என்பதில் முதலில் உடன்பாடு வேண்டும். தண்ணீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் ஒன்றா இரண்டா என்பதிலேயே வேதியியலாளர்கள் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1860-ல் கார்ல்ஸ்ருஹே மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோ அணு எடைகளை ஒழுங்குபடுத்தும் வழியை எடுத்து வைத்த பிறகுதான் குழப்பம் மெல்லத் தெளிந்தது.

எல்லா நாட்டிலும் ஒரே வேகத்தில் தெளியவில்லை. பிரான்சில் மார்செலின் பெர்த்தெலோ அணுக்கொள்கையை ஏற்க மறுத்துப் பல பத்தாண்டுகள் பிடிவாதமாக நின்றார். சாதாரண மனிதர் அல்ல. 1886 டிசம்பரில் நாட்டின் கல்வி அமைச்சராகவே ஆனார்.

அமைச்சரின் அதே நாட்டில், தலைநகருக்கு வெகுதொலைவில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு பேராசிரியர் மூலக்கூறுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

*

பிரான்சுவா-மாரி ரௌல்ட். 1830-ல் வடபிரான்சின் ஃபூர்ன் என்ற ஊரில் பிறந்தவர். நேராகப் பல்கலைக்கழக நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் இல்லை. 1853-ல் ரேம்ஸ் நகரப் பள்ளியில் கீழ்நிலை உதவியாசிரியர். பிறகு பல ஊர்கள், பல சிறு பதவிகள். 1862-ல் சான்ஸ் நகரப் பள்ளியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே ஆய்வேடு எழுதி, 1863-ல் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வின் பொருள் மின்கலங்கள். திரவக் கலவைகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1867-ல் கிரெனோபிள் வந்தார். 1870-ல் அங்கே வேதியியல் பேராசிரியர். அதன் பிறகு சாகும்வரை ஊர் மாறவில்லை.

இந்தக் கதைக்குள் அவர் நுழைந்தது கொதிநிலை வழியாக அல்ல, உறைநிலை வழியாக. தண்ணீரில் எதையாவது கரைத்தால் அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழேதான் உறையும் என்பது பிளாக்டன் காலத்திலிருந்தே, அதாவது 1788-லிருந்தே தெரிந்தது. பிளாக்டன் உப்புகளைக் கரைத்தார். ரௌல்ட் 1870-களின் இறுதியில் இதைக் கையிலெடுத்தார். 1880-ல் மது வகைகளின் உறைநிலை குறித்தும் ஒரு கட்டுரை எழுதினார். பிரெஞ்சுக்காரர், வேறு எதை உறைய வைத்துப் பார்ப்பார்!

மதுவில் இருப்பது ஆல்கஹால், உப்பல்ல. அதுதான் அவரைச் சரியான பாதையில் விட்டது. உப்புகளை விட்டுவிட்டுச் சர்க்கரை, யூரியா போன்ற கரிமப் பொருட்களைக் கரைத்துப் பார்த்தார். கரைப்பான்களையும் மாற்றினார்: தண்ணீர், பென்சீன், அசிட்டிக் அமிலம். 1882-ல் பொது விதி ஒன்றை அறிவித்தார். உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்பது என்ன கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எத்தனை மூலக்கூறுகள் கரைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இதோடு அவர் நின்றிருந்தாலும் வேதியியல் வரலாற்றில் அரைப் பக்கம் கிடைத்திருக்கும். உறைநிலையில் எண்ணிக்கை பேசுகிறது என்றால் ஆவியழுத்தத்திலும் பேச வேண்டுமே என்ற யோசனை அவரை விடவில்லை.

*

கருவி மிக எளியது. ஒருபுறம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பித் தொட்டியில் கவிழ்த்தால் பாதரசம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். அதற்கு மேலே வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் கொஞ்சம் ஈதரை ஏற்றினால் ஈதர் ஆவியாகிப் பாதரசத்தைக் கீழே தள்ளும். எவ்வளவு தள்ளுகிறதோ அதுவே ஆவியழுத்தம்.

ஈதரைத் தேர்ந்தது புத்திசாலித்தனம். 20 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். அடுப்பே வேண்டாம், அறை வெப்பத்திலேயே பாதரசம் சரசரவென்று இறங்கும். கரைப்பதற்கு அவர் எடுத்தவை டர்பன்டைன், அனிலின், நைட்ரோபென்சீன் போன்றவை. இவை 150 டிகிரிக்கு மேலே கொதிப்பவை. அறை வெப்பத்தில் இவற்றின் சொந்த ஆவி மிகச் சொற்பம். ஆக, குழாயில் தெரியும் அழுத்தம் அநேகமாக முழுவதும் ஈதருடையது.

எளிமை அங்கே முடிகிறது.

நூறு ஈதர் மூலக்கூறுக்கு ஒரு அனிலின் மூலக்கூறு என்று கலந்தால் அழுத்தம் குறைவது நான்கு மில்லிமீட்டர் சொச்சம். அறை வெப்பம் ஒரே ஒரு டிகிரி மாறினாலோ ஈதரின் அழுத்தம் 16 மில்லிமீட்டர் புரண்டுவிடும். கால் டிகிரி தவறினால் தேடிய விளைவு முழுவதும் அந்தத் தவறுக்குள் மறைந்துபோகும். ஈதரில் கரைந்திருக்கும் துளிக் காற்றும் பொய் சொல்லும்.

தப்பிக்கும் வழியை ஒரு ஜெர்மானியர் முன்பே போட்டு வைத்திருந்தார். அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்பது வெப்பத்தோடு மாறினாலும், தூய திரவத்தின் அழுத்தத்தில் எத்தனை பங்கு குறைகிறது என்பது அநேகமாக மாறாது என்று ஃபான் பாபோ 1847-லேயே உப்புக் கரைசல்களில் கண்டிருந்தார். ஆகவே தூய ஈதரையும் கரைசலையும் ஒரே வெப்பத்தில் ஒப்பிட்டு விகிதத்தை மட்டும் எடுத்தால் போதும்.

ரௌல்ட் எடுத்தார். ஈதரோடு நிற்கவில்லை. தண்ணீர், பென்சீன், குளோரோஃபார்ம், கார்பன் டைசல்ஃபைடு, அசிட்டோன், மெத்தில் ஆல்கஹால் என்று கரைப்பான்களின் வரிசை நீண்டது.

ஈதரின் மூலக்கூறு எடை 74. நூறு பங்கு என்றால் 7,400 கிராம். அதில் 93 கிராம் அனிலின் போட்டாலும், 123 கிராம் நைட்ரோபென்சீன் போட்டாலும், 136 கிராம் டர்பன்டைன் போட்டாலும் பாதரசம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நிற்கிறது. தராசில் பார்த்தால் மூன்றும் மூன்று அளவு. எண்ணிப் பார்த்தால் மூன்றும் ஒன்றே: நூற்றுக்கு ஒன்று.

1887 மே மாதம் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஏட்டில் முடிவு வெளியானது. எந்தக் கரைப்பானாக இருந்தாலும், அதன் நூறு மூலக்கூறுகளில் வேறொரு பொருளின் ஒரு மூலக்கூறைக் கரைத்தால், ஆவியழுத்தம் ஏறத்தாழ 0.0105 பங்கு குறைகிறது.

நூற்றொன்றில் ஒன்று என்றால் 0.0099. அவருக்குக் கிடைத்தது 0.0105. அந்தச் சின்ன இடைவெளியை அவர் மூடி மறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிடைத்த எண்ணை அப்படியே அச்சிட்டார்.

*

ஏன் இப்படி? ரௌல்ட் இதற்கு விளக்கம் தேடி அலையவில்லை. அவர் அளப்பவர். விளக்கத்தை நாம் இன்றைய கண்ணால் பார்க்கலாம்.

நெரிசலான பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் படிக்கட்டை ஒட்டி நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே கடைசி நிறுத்தம் வரை போகிறவர்கள் சிலர் வந்து நின்றுகொண்டால், படியருகே இறங்குகிறவர்களின் பங்கு குறையும். அந்த அளவுக்கு இறங்குவதும் குறையும். இடத்தை அடைத்தவர் யார், குண்டா ஒல்லியா என்பது பேச்சே இல்லை. எத்தனை பேர் என்பதுதான் பேச்சு.

திரவத்தின் மேற்பரப்பிலும் அதேதான். ஒரு பொருளின் ஆவியழுத்தம், அது தூயதாக இருக்கும்போது தரும் அழுத்தத்தை அதன் மோல் பின்னத்தால், அதாவது மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கால், பெருக்கினால் வருவது. பிளஸ் டூ புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் விதி இது.

ஆம்ஸ்டர்டாமில் வான்ட் ஹாஃப், ரௌல்ட்டின் எண்களைப் பார்த்ததும் தம் கொள்கைக்கு இவைதான் சான்று என்று பிடித்துக்கொண்டார். சமையல் உப்போ எண்ணிக்கைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விளைவைத் தந்து அடம்பிடித்தது. அது தண்ணீரில் இரண்டாக உடைந்து கிடப்பதால்தான் என்று சுவீடனின் அரீனியஸ் அதே 1887-ல் சொன்னார். அந்தச் சண்டை தனிக் கதை, வேறொரு வாரம் வரும். 1892-ல் லண்டன் ராயல் சொசைட்டி ரௌல்ட்டுக்கு டேவி பதக்கம் கொடுத்தது.

நம் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ரௌல்ட்டின் குழாய்களில் ஆவியானது ஒன்று மட்டுமே. மற்றது சும்மா கிடந்தது. பென்சீனும் டொலுவீனும் அப்படியல்ல, இரண்டுமே வெளியே ஓடப் பார்ப்பவை.

*

விதியை இரு பக்கமும் போட்டுப் பார்ப்போம். பென்சீனுக்கு ஒரு முறை, டொலுவீனுக்கு ஒரு முறை, பிறகு டால்டனின் கூட்டல்.

20 டிகிரியில் தூய பென்சீனின் ஆவியழுத்தம் 75 மில்லிமீட்டர், டொலுவீனுடையது 22. மூலக்கூறு எண்ணிக்கையில் சரிபாதி கலந்தால் பென்சீன் பங்கு 37.5, டொலுவீன் பங்கு 11, மொத்தம் 48.5. இப்போது ஆவியை மட்டும் பாருங்கள். திரவத்தில் பாதிதான் பென்சீன்; ஆவியிலோ நூற்றுக்கு 77. எளிதில் ஆவியாகும் திரவம் ஆவியில் தன் பங்கைவிட அதிகமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மான்ஸ்ஃபீல்டின் வடிகலத்தில் நடந்தது இதுதான்.

கொதிநிலைக்கும் இதே கணக்கு. இரண்டு பங்குகளும் சேர்ந்து 760-ஐத் தொடும் வெப்பநிலையைத் தேட வேண்டும். சரிபாதிக் கலவைக்கு அது 92 டிகிரிக்கு அருகே வருகிறது. 80-க்கும் 110-க்கும் நடுப்புள்ளி 95. கலவை அதற்குக் கீழேயே கொதித்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற ஆவியழுத்தம் நேர்கோட்டில் ஏறாமல் பாய்ச்சலில் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. பரீட்சையில் அவசரத்துக்குச் சராசரி எடுக்கும் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடமும் இதுவே.

92 டிகிரியில் எழும் ஆவியில் பென்சீன் நூற்றுக்கு 71. அதைக் குளிர வைத்துத் திரவமாக்கி மறுபடி கொதிக்க விட்டால் அடுத்த ஆவியில் 86. இன்னொரு முறை, 94. ஒவ்வொரு சுற்றிலும் கொதிநிலை 80-ஐ நோக்கி இறங்கிவரும். கலத்தில் மிஞ்சுவது டொலுவீனை நோக்கி ஏறிப்போகும். வெப்பமானி ஊர்ந்த காரணமும் விளங்கிவிட்டது.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்த செல்லியே-புளூமந்தாலின் 1813-ம் ஆண்டு வடிகோபுரம் நினைவிருக்கிறதா? தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் ஆவியைக் கொஞ்சம் திரவமாக்கி, மறுபடி கொதிக்க விட்டு அவர் செய்ததும் இதே சுற்றுதான். விதிக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே கோபுரம் நின்றுவிட்டது. சாராயம் காய்ச்சியவர்கள் கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் எத்தனை தட்டு வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாது. வைத்துப் பார்த்தார்கள், போதாவிட்டால் இன்னும் இரண்டு ஏற்றினார்கள். தட்டுகளைத் தாளிலேயே எண்ணும் வழியை ரௌல்ட்டின் விதி திறந்தது.

*

இரண்டு திரவமும் ஆவியாகும் கலவையில் இந்த விதி உண்மையாகவே நிற்கிறதா என்று யாராவது சோதிக்க வேண்டுமே? 1900-ல் லைப்சிக் நகரில், ஆஸ்ட்வால்டின் ஆய்வுக்கூடத்தில், ஸவிட்ஸ்கி என்ற போலந்து இளைஞர் அதைச் செய்தார்.

மொத்த அழுத்தத்தை அளப்பது பழைய வித்தை. ஆவியில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் சிக்கல். ஆவியைக் குளிர்வித்துக் கிடைத்த சில துளிகளின் ஒளிவிலகலை அளந்து, அதிலிருந்து கலவையின் விகிதத்தைக் கண்டார் ஸவிட்ஸ்கி.

எத்திலீன் புரோமைடும் புரோப்பிலீன் புரோமைடும் கலந்து 85 டிகிரியில் அளந்தார். வரைபடத்தில் புள்ளிகள் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் நேர்கோட்டில் விழுந்தன. பென்சீனும் எத்திலீன் குளோரைடும், 50 டிகிரியில், அதுவும் நேர்கோடு.

அடுத்து அசிட்டோனும் கார்பன் டைசல்ஃபைடும். கோடு மேலே புடைத்துக்கொண்டது; விதி சொன்னதைவிட அழுத்தம் அதிகம். அசிட்டோனும் குளோரோஃபார்மும் கலந்ததில் கோடு கீழே தொங்கியது. கடைசிக் கலவையின் கொதிநிலை இன்னும் விசித்திரம். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், குளோரோஃபார்ம் 61-ல். இரண்டையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால் 64-ஐத் தாண்டிப் போகிறது.

புரோமைடுகள் இரண்டும் அநேகமாக ஒரே அச்சு. பக்கத்தில் நிற்பது தன் இனமா அடுத்த இனமா என்று ஒரு மூலக்கூறுக்கு வித்தியாசமே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் எண்ணிக்கை மட்டும் ஆட்சி செய்யும். அசிட்டோனும் குளோரோஃபார்மும் அப்படியல்ல. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன, கலக்கும்போதே கலவை சூடாகிறது. நல்லியல்புக் கரைசல் என்று நாம் சொல்வது முதல் வகையை. உலகத்தில் அது அபூர்வம். பென்சீன்-டொலுவீன் ஜோடி வேதியியல் ஆசிரியர்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்ல வேண்டும்.

*

ரௌல்ட் 1901 ஏப்ரல் 1-ம் தேதி கிரெனோபிளிலேயே காலமானார்.

அப்போது சாராய ஆலைகளில் ஒரு பழைய வழக்கு தீராமல் கிடந்தது. ஆல்கஹால் 78.3 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். இடைவெளி 20 டிகிரிக்கு மேல். ரௌல்ட்டின் விதிப்படி தட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் தூய ஆல்கஹால் சொட்ட வேண்டும். எவ்வளவு உயரக் கோபுரம் கட்டினாலும் எடையில் 95.6 சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. அந்தக் கலவை 78.2 டிகிரியில் கொதிக்கிறது, தூய ஆல்கஹாலுக்கும் கீழே. அதன் ஆவியிலும் அதே 95.6. இனி கொதிக்க வைப்பதில் பொருளில்லை.

அழுத்தக் கோடு உச்சியைத் தொடும் புள்ளியில் திரவமும் ஆவியும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும் என்று ரஷ்யாவின் கொனொவாலோவ் 1881-லேயே காட்டியிருந்தார். ஆக, சுவர் இருப்பதற்குக் காரணம் தெரியும். தாண்டத்தான் தெரியாது. சுட்ட சுண்ணாம்பைப் போட்டு மிச்சத் தண்ணீரை உறிஞ்ச வைப்பதுதான் இருந்த ஒரே நல்ல வழி. அது மெதுவானது, ஆல்கஹாலும் வீணாகும்.

1902-ல் பிரிஸ்டலில் இருந்த சிட்னி யங், சுண்ணாம்பைத் தொடாமல் வடிகலத்தைக் கொண்டே அந்த நாலரை சதவீதத்துக்கும் குறைவான தண்ணீரை வெளியேற்றிவிட்டதாக அறிவித்தார். அவர் செய்தது, ஏற்கெனவே இரண்டு திரவங்கள் சிக்கிக் கிடந்த கலத்தில் மூன்றாவதாக ஒன்றை ஊற்றியதுதான்.

எந்தத் திரவம் அது? மூன்றும் சேர்ந்து கொதித்தபோது வடிகலத்திலிருந்து முதலில் வெளியே வந்தது என்ன?

(அடுத்த வாரம்)